பொறியும் காவலும்

தீயின்றி மனித வாழ்க்கை நடவாதென்பது யாவரும் அறிந்ததே. சமவெளியில் வாழ்வோருக்குத் தீயின் பயன் பெரும்பாலும் அடுப்பங்கரையோடு நின்றுவிடும். மலைமேல் வாழ்வோருக்கோ அதுவே போர்வையும் துணையுமாகும். உதகமண்டலத்தைச் சேர்ந்த காந்தலில், மார்கழி தை மாதங்களின் விடியற்காலத்தில், புல்லின்மேல் உறைபனி வெள்ளைத் துகில் விரித்தாற்போற் படிந்திருக்கக் காணலாம். அந்நாட்களில் இரும்புச் சட்டியிற் கரி நெருப்பிட்டு, கதவும் சன்னலும் அடைத்து, அதனைச் சூழ்ந்திருப்பது மலைநாட்டுப் பழைய வழக்கம். ஆனால் அடைத்த அறையிற் போதிய பிராணவாயு இன்மையால், கரி முற்றும் எரியாது, கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உறங்கியபடியே உயிர் துறக்க நேரிடும்.

இக்கரிச் சட்டிக்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று வாயுக் கணப்பு. பீங்கான் போன்ற பொருளாற் செய்த விறகுக் கட்டைகளின் நடுவே எரிவாயுச் சுடர் எழுமாறு அமைத்த அழகிய கணப்புகளும் உள. ஒரு பொத்தானை அழுத்தினால் 'டக், டக்' என்னும் ஓசை கேட்கின்றது. உடனே சுடர் எழுகின்றது. குளிக்கும் அறையில் வெந்நீர் தரும் வாயுக் கருவியிலும் இவ்வோசையையே கேட்கிறோம். அவ்வோசைக்குள் நடப்பது யாது? பலர் அதனைத் தீக்குச்சிக்கு ஒரு பதிலென்றே எண்ணுகின்றனர். அஃது உண்மையிற் பாதியே.

முதற்கண் எரிவாயுவின் இயல்பை அறிதல் வேண்டும். உருளையில் அடைத்து விற்கப்படும் வாயு, புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. அது காற்றைவிடக் கனமானது. ஆதலாற் கசிந்தால் மேலே போகாது தரையிலேயே தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு முதல் 9 பங்கு வரை அது கலந்திருக்குங்கால், சிறு பொறி பட்டாலும் 'குபீர்' என்று பற்றும். பருவமழைக் காலத்தில் நமத்துப்போன தீப்பெட்டியோடு போராடியவர், வாயுவைத் திறந்துவிட்டு நான்கு குச்சிகளை உரசுவதன் அபாயத்தை நன்கு அறிவர். வாயு வருவதற்கும் தீ எழுவதற்கும் இடைப்பட்ட நேரமே அபாய நேரம். அதனைக் குறைப்பதே பொறியின் வேலை.

அடுப்புப் பற்றவைக்கும் கைக்கருவியினுள்ளே ஒருவகைப் படிகத் துண்டு இருக்கின்றது. சிறு சுத்தியொன்று அதனை அடிக்க, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு கணம் தோன்றிப் பொறியாகப் பாய்கின்றது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் இவ்வியல்பை, 1880-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள், ஜாக், பியேர் என்போர், கண்டறிந்தனர். கணப்பிலோ பெரும்பாலும் பாட்டரியின் சிறு மின்சாரத்தை மின்தேக்கியிற் சேர்த்துவைத்து, டிரான்ஸ்பார்மர் வழியாகத் திடீரென விடுவிக்கின்றனர். பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தால், கம்பியின் நுனிக்கும் எரிகலத்துக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியைப் பொறி தாண்டுகின்றது. இது மீண்டும் மீண்டும் நிகழ்வதே 'டக், டக்' ஓசை.

இனிக் காவலைக் கூறுவாம். பொறி தோன்றியும் தீ பற்றாவிட்டால்? பற்றிய தீ காற்றில் அணைந்துவிட்டால்? முற்காலத்துக் கருவிகளில் எப்பொழுதும் எரியும் சிறு விளக்குச் சுடர் ஒன்றுண்டு. இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் உண்டாகும் என 1821-இல் ஸீபெக் கண்ட உண்மையைக் கொண்டு, அச்சுடரின் வெப்பமே வாயுக் கதவைத் திறந்துவைத்தது. சுடர் அணைந்தால் கதவு மூடும். ஆயினும் உலோகம் ஆறும்வரை வாயு வந்துகொண்டேயிருக்கும்.

மின்னணுக் காவலன் அவ்வாறு தாமதிப்பதில்லை. சுடரினுள் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் இருத்தலால், அதனூடே மின்சாரம் சிறிதளவு செல்லும். சுடரில் ஒரு மெல்லிய கம்பியை நிறுத்தி, அதற்கும் எரிகலத்துக்கும் இடையே திசைமாறும் மின்னழுத்தத்தைத் தருகின்றனர். கம்பியின் பரப்புச் சிறிது. எரிகலத்தின் பரப்புப் பெரிது. ஆதலால் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் செல்லும். அதன் அளவு ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கே. எனினும் கருவி அதனைக் கண்டுகொள்கின்றது. காந்தலின் மூடுபனியால் ஈரம் படிந்து மின்சாரம் கசிந்தாலோ, அது இருதிசையிலும் ஒப்பச் செல்லும். ஆகவே ஈரத்தைச் சுடரென்று கருவி மயங்குவதில்லை. சில விநாடிகளுள் சுடரின் சான்று கிட்டாவிடின், மின்காந்தம் வலுவிழக்க, வில் வாயுக் கதவை மூடிவிடும்.

மலைநாட்டில் இக்கருவி அடிக்கடி மூடிக்கொள்வதற்குக் காரணங்கள் சில உண்டு. பீங்கான் உறையில் ஈரம் படிந்தால் பொறி வழிதவறும். பியூட்டேன் நீர்போன்ற நிலையினின்று ஆவியாவது பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையிலாதலின், உறைபனிக் காலையில் உருளையின் அழுத்தம் தாழ்ந்து சுடர் மெலியும். அதற்காக உருளையைச் சூடாக்குதல் பெரும்பிழை. விறகுத் தீயின் அழகு தரும் மஞ்சட் சுடரோ புகைக்கரியைத் தோற்றுவிக்கும். அக்கரி கம்பியிற் படிந்தால் காவலன் கண் மறைந்துபோம். கருவி தெரிந்தவர் கம்பியைத் துடைத்தலே இதற்குத் தக்க மருந்து. சிலர் இத்தொல்லை பொறாது காவலையே நீக்கிவிட நினைக்கின்றனர். திருடன் வந்தானென்று குரைத்த நாயைக் கொல்வது போன்றதே அது. கருவி மூடிக்கொண்டால் சன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுத்து, மீண்டும் முயல்க. வாயு மணம் வீசினாற் பொத்தானையும் தொடலாகாது, மின்விளக்கையும் ஏற்றலாகாது.

ஒன்றை மறவாதிருத்தல் நலம். இக்காவலன் சுடர் உண்டா இல்லையா என்பதையே அறிவான். அறையின் காற்று நல்லதா தீயதா என்பதை அறியான். பிராணவாயுக் குறைவை உணர்ந்து மூடும் வேறு கருவிகள் உண்டெனினும், அவை எவ்வுயரம் வரை பயன்படுமென்று கேட்டறிதல் வேண்டும். உதகையோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் மேலுள்ளது. ஆகவே புகைபோக்கியும் சிறிது திறந்த சன்னலும் இன்றியமையாதன. கரிச் சட்டியைக் கைவிட்டு வாயுக் கணப்பை நாடியவர், அடைத்த கதவையும் கைவிட்டாலன்றிப் பழைய அபாயம் நீங்காது. யந்திரம் தன் கடமையைச் செய்யும். எஞ்சியது நம் கடமையே.