பிட்காயினும் பள்ளிவாசல் மின்சாரமும்

நூறு ரூபாய்த் தாள் ஒன்றை ஒருவரிடம் கொடுத்தபின் அதே தாளை இன்னொருவரிடம் நீட்ட இயலாது. கணினியில் வாழும் பணமோ எண்களின் கோவை மட்டுமே என்பதால், அதைப் படியெடுத்து மீண்டும் மீண்டும் செலவிட முடியும். 'இரட்டைச் செலவு' எனப்படும் இச்சிக்கலை வங்கிகள் பேரேட்டைத் தம் கையில் வைத்துக்கொண்டு தீர்க்கின்றன. அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சௌம் 1980களில் வகுத்த முறை, செலவிடுபவர் யாரென்பதை வங்கியும் அறியாதபடி மறைத்ததே தவிர, வங்கியை அகற்றவில்லை. அவர் நிறுவிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்தபோது, அம்முறையில் இயங்கிய நாணயமும் மறைந்தது.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்து இரண்டு மாதம் முடியுமுன், 2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை, பேரேட்டின் படியை வலையமைப்பில் சேரும் கணினிகளுக்கெல்லாம் பகிர்ந்தளிக்கும் வழியைக் காட்டியது. அதில் புதுப் பக்கம் எழுதும் உரிமை, வேறெதற்கும் பயன்படாத ஒரு கணிதப் புதிரை முதலில் விடுவிக்கும் கணினிக்கே கிட்டும். அதற்குப் பிட்காயின் எனப்படும் புதிய நாணயங்கள் பரிசு. பழைய பக்கத்தைத் திருத்த முனைபவர் அதற்குப் பின் வந்த பக்கங்கள் அனைத்தின் புதிர்களையும் மறுபடி விடுவிக்க வேண்டும் என்பதால், மோசடிக்கு ஆகும் மின்செலவே அதற்குத் தடையாகிறது.

அந்த மின்செலவு சிறிதன்று. முதிரப்புழை ஆற்று நீரால் 1940 முதல் இயங்கிவரும், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசலின் திறன் 37.5 மெகாவாட், ஒரு கணமும் நில்லாமல் முழுத்திறனில் ஓடினாலும் (கோடையில் அது நடவாத காரியம்) ஆண்டுக்குச் சுமார் 33 கோடி யூனிட்டே கிடைக்கும். பிட்காயின் வலையமைப்போ ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் விழுங்குவதாக மதிப்பிடப்படுகிறது. அதாவது முந்நூறு பள்ளிவாசல்கள். வங்கி எழுத்தர் ஒருவரை நம்பாதிருப்பதற்கு இது மிகையான விலை என்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவு செலவிட்டும் சாமானியர் இடைத்தரகரிடமிருந்து தப்பவில்லை. நாணயத்தைச் செலவிடத் தேவையான மறைச்சாவியைத் தாமே காக்கத் தயங்குவோர் தம் நாணயங்களைப் பரிமாற்றகங்களிடம் ஒப்படைக்க, பேரேடு பரவலாக இருந்தாலும் உடைமை ஓரிடத்தில் குவிகிறது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போனபோது, களவுக்கு ஆளாகாத வேறுவகை நாணயங்களை வைத்திருந்தோரின் கணக்குகளும் முடங்கின. அவ்வாறு முடங்கிய ஒருவர் தொடுத்த வழக்கில்தான், பிட்காயின் போன்ற மறைகுறி நாணயம் சட்டப்படி ஒரு சொத்து என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1இல் பொதுமக்களிடையே சோதனையாகத் தொடங்கிய மின்னணு ரூபாயைப் பிட்காயினுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அது சட்டப்படி செல்லும் பணம், அதன் கட்டுப்பாடும் அவ்வங்கியிடமே உள்ளது. பிட்காயினுக்கு இந்தியாவில் அத்தகுதி இல்லை. ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு, ஒன்றில் நேர்ந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை.