புள்ளி விட்டால் போச்சு

பாலக்காட்டு எல்லைத் தமிழ் இளைஞர்கள் பலருக்குச் சோறு போடுகிறது சி.என்.சி. எந்திரம். அதன் பாஷை தெரிந்தவர் செட்டர் ஆகிறார். தெரியாதவர் பச்சைப் பட்டனோடு நிற்கிறார்.

X50 என்று தட்டினால் ஐம்பது மில்லிமீட்டர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எல்லா எந்திரங்களும் அப்படி நினைப்பதில்லை. ஐம்பதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க மறந்தால், பழைய முறையில் அமைக்கப்பட்ட ஃபனுக் கன்ட்ரோலர் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! மையத்திலிருந்து விலகி நிற்க வேண்டிய டூல், சுழன்றுகொண்டிருக்கும் இரும்பின் நடுமையத்தை நோக்கிப் பாயும். டூல் நொறுங்கும், சக்கில் மோதினால் ஸ்பிண்டில் பேரிங்கும் போகலாம். பட்டறையில் இதற்கு ஒரே சொல்தான்: ‘இடிச்சிருச்சு.’

பாலக்காட்டுக்குக் கிழக்கே கஞ்சிக்கோடு, கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. கன்ட்ரோல் வால்வு தயாரிக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆலை 1970களில் இந்த மாவட்டத்துக்கு வந்தது. பெமல் 2010ல் வந்தது. வாளையாற்றைத் தாண்டினால் கோவை. பம்பு, மோட்டார், ஜவுளி எந்திரம் என்று ஜாப் ஒர்க்கில் உயிர் வாழும் ஊர். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ. முடித்ததும் இரண்டு பக்கமும் கதவு உண்டு. உள்ளே போன பிறகுதான் பிரச்னை. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழோ மலையாளமோ, எந்திரத்தின் திரையிலோ ஆங்கிலச் சுருக்கெழுத்து.

அந்தச் சுருக்கெழுத்து மிரட்டுகிற அளவுக்குக் கடினமானதல்ல. சாதாரண லேத்தில் கைச்சக்கரத்தைச் சுற்றி டூலை நகர்த்துகிறோம். சி.என்.சி.யில் அந்தக் கைச்சக்கரத்தின் இடத்தில் சர்வோ மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு சுற்றினோம் என்பதை என்கோடர் கணக்கு வைத்துக்கொள்கிறது. எங்கே போக வேண்டும் என்பதை எண்களாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். லேத்தில் Z நீளவாட்டு, X குறுக்குவாட்டு. X எண் பெரும்பாலும் விட்டத்தைக் குறிக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. G00 என்றால் வேகமாக ஓடு, அறுக்காதே. G01 என்றால் நேர்கோட்டில் அறுத்துக்கொண்டு போ. G02, G03 வளைவுகளுக்கு. M03 ஸ்பிண்டிலைச் சுழற்றும், M05 நிறுத்தும், M08 கூலண்டைத் திறந்துவிடும், M30 கதையை முடிக்கும். S சுழற்சி, F நகரும் வேகம், T டூல் எண்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது எழுபதுக்கு மேல். ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ் 1940களின் இறுதியில் யோசித்த வழியை எம்.ஐ.டி. கையில் எடுத்தது, 1952ல் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் எந்திரத்தை ஓட்டிக் காட்டியது. துளையிட்ட காகித நாடாதான் அன்றைய புரோகிராம். அந்த நாடாக்களில் புள்ளி வைக்கும் வழக்கமில்லை. மிகச் சிறிய அளவை ஒன்று என்று வைத்து எண்ணினார்கள். X50 குழப்பம் அந்தக் காலத்தின் மிச்சம்.

நிஜமான தலைவலி ஆஃப்செட். எந்திரத்துக்கென்று ஒரு பூஜ்யம் உண்டு, அது தொழிற்சாலையில் வைத்தது. நாம் பூட்டியிருக்கும் ஜாபுக்கு இன்னொரு பூஜ்யம். அதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லித்தரும் வேலை செட்டருடையது. டூல்களும் ஒரே நீளமில்லை. ஒவ்வொன்றின் முனை எங்கே இருக்கிறது என்று அளந்து பதிய வேண்டும். பிறகு முனை தேயும். 25.000 வர வேண்டிய தண்டு 25.030 வந்தால், தேய்மானப் பக்கத்தில் X-க்கு -0.030 கூட்டிவிட்டால் அடுத்த பீஸ் சரியாகும். அவசரத்தில் குறி மாறி + விழுந்தால் அடுத்தது 25.060; இன்னொரு முறை அறுத்துச் சரிசெய்யலாம். ஆனால் -0.030க்குப் பதில் -0.300 விழுந்தால் பீஸ் பழைய இரும்புக் கடைக்குத்தான். அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

மொழிபெயர்ப்பவனுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம். டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு அகராதி ‘சகிப்புத்தன்மை’ என்று சொல்லும். கேட்கிற பையன் சிரிப்பான். எவ்வளவு கூடக்குறைய இருந்தால் பீஸ் பாஸ் என்பதுதான் அது. வரைபடத்தில் 25 மி.மீ. தண்டுக்கு h7 என்று போட்டிருந்தால் 25.000க்கு மேலே போகக்கூடாது, 24.979க்குக் கீழேயும் போகக்கூடாது. மொத்தச் சலுகை 21 மைக்ரான். சென்னையில் இருக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழிலும் தருகிறது. நல்ல காரியம். ஆனால் நூல் தமிழையும் பட்டறைத் தமிழையும் இணைத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டு வெயில் வேறு குறுக்கே வரும். உலகெங்கும் அளவுகளுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. இங்கே மார்ச், ஏப்ரலில் 40ஐத் தொடும். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். அந்தக் கணக்கில் 25 மி.மீ. தண்டு 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 6 மைக்ரான் பருக்கும். அனுமதித்த 21ல் கால் பங்குக்கு மேல் அதிலேயே காலி. ஜாபும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய பாதகமில்லை, இரண்டும் எஃகுதானே. அறுத்த சூடு ஆறுவதற்குள் அளந்து, அதை நம்பி ஆஃப்செட்டைத் திருத்துகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். அலுமினியமானால் விரிவு இரண்டு மடங்கு.

தெற்கே இடுக்கியில், மூணாறும் பீர்மேடும் பக்கத்து எஸ்டேட் லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துல்லியம் வேறு வேடத்தில் பழக்கம். சி.டி.சி. தேயிலை எந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகத்தில், எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். 1930களில் அஸ்ஸாமில் பிறந்த முறை. பல் மழுங்கினால் இலை கிழியாமல் நசுங்கும், தூளின் தரம் இறங்கும். அதனால் உருளைகளைக் கழற்றி மீண்டும் பல் வெட்டுகிறார்கள். நீளவாட்டுப் பள்ளத்துக்கு மில்லிங், சுற்றுவாட்டுப் பள்ளத்துக்குச் சேஸிங். கொழுந்து விலை பேசுகிற ஊரில் மில்லிங் கட்டர் பற்றியும் பேசலாம், ஆள் தெரிந்தால்.

பட்டறையில் ஏணி மூன்று படி. ஜாபைப் பூட்டி, பட்டனை அழுத்தி, கழற்றி அளப்பவர் ஆபரேட்டர். பூஜ்யமும் ஆஃப்செட்டும் வைப்பவர் செட்டர். வரைபடத்தைப் பார்த்து எண்களை எழுதுபவர் புரோகிராமர். சம்பளமும் அந்த வரிசையில்தான் ஏறும். முதல் படியில் இருப்பவரின் வேலையை ரோபோ கையும் செய்யும். பெரிய ஆலைகளில் செய்துகொண்டும் இருக்கிறது. பாலக்காட்டில் 1,710 ஏக்கரில் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அங்கே வரப்போகும் ஆலைகள் எந்தப் படியிலிருந்து ஆள் எடுக்கும் என்பது கொழிஞ்சாம்பாறைப் பெற்றோருக்கு முக்கியமான கேள்வி.

இதற்கிடையில், புதிய புரோகிராமை ஓட்டும் முறை எல்லாப் பட்டறையிலும் ஒன்றுதான். முதலில் ஜாபே இல்லாமல் காற்றில் ஓட்டம். பிறகு சிங்கிள் பிளாக், அதாவது வரிக்கு ஒரு முறை பட்டன். வேகத்தைக் குறைக்கும் குமிழைக் கால் பங்குக்கு இறக்கிவைத்து, திரையில் ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று காட்டும் எண்ணை ஒரு கண்ணாலும், டூல் முனையை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஜாபுக்கு ஒரு விரற்கடை இருக்கையில் திரை இன்னும் 80 மி.மீ. என்று காட்டினால், ஆராய்ச்சி வேண்டாம். சிவப்புப் பட்டன்.