கேப்ஸ் லாக்குக்கு ஓய்வு

ஆங்கில எழுத்து விசைகளின் ஒலியைக் கொண்டு, அஞ்சல் முறையில் தமிழ் தட்டச்சு செய்பவர்கள் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். தாளில் எழுதியதைப் பார்த்தபடியே ஒரு பத்தியை அடித்து முடித்துத் திரைக்குக் கண்ணைத் திருப்பினால், குறில்கள் நெடிலாகி, லகரம் ளகரமாகி, ரகரம் றகரமாகிக் கிடக்கும். 'பல' என்று அடித்த இடத்தில் 'பாளா' நிற்கும். 'ஏ' விசையைத் தேடிப் போன இடது சுண்டுவிரல் பக்கத்திலிருந்த கேப்ஸ் லாக்கில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். முழுப் பத்தியையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

தெரிந்தே அழுத்துவது அபூர்வமான இந்த விசைக்குக் கிடைத்திருப்பதோ விரலுக்கு மிக அருகில், அகலமான ஓர் இடம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் 'ஏ'வுக்கு இடப்பக்கம் இருந்தது கண்ட்ரோல் விசை. எண்பதுகளின் நடுவில் ஐபிஎம் 101 விசைகள் கொண்ட புதிய அமைப்பைக் கொண்டுவந்தபோது கேப்ஸ் லாக் அங்கே குடியேறியது. உலகம் முழுவதும் அதையே பின்பற்றியது.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த மென்பொருளாளர் பீட்டர் ஹின்ட்ஜென்ஸ் 2006இல் இந்த விசையை ஒழிக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். ஆப்பிள் தன் அலுமினிய விசைப்பலகைகளில், சற்றே அழுத்திப் பிடித்தால்தான் கேப்ஸ் லாக் இயங்கும்படி செய்தது. 2010இல் கூகுள் தந்த முதல் குரோம் மடிக்கணினியில் அந்த இடத்தைத் தேடல் விசை எடுத்துக்கொண்டது. ஆனால் இவையெல்லாம் தயாரிப்பவர்கள் எடுத்த முடிவுகள். தட்டச்சு செய்பவர் கையில் அந்த முடிவைக் கொடுத்தது, நாமே நிரல் மாற்றிக்கொள்ளக்கூடிய மெக்கானிக்கல் கீபோர்டுதான்.

அதன் வேலை எளிது. விசைகளுக்கு அடியில் மின்தடங்கள் கிடையாகவும் நெடுக்காகவும் ஓடுகின்றன. ஒவ்வொரு விசையும் அவை சந்திக்கும் ஒரு புள்ளி. உள்ளிருக்கும் சில்லு அந்தப் புள்ளிகளை ஓயாமல் சுற்றிப் பார்க்கிறது. ஒன்று அழுந்தியதும் தன் அட்டவணையில் அதற்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் குறியீட்டைக் கணினிக்கு அனுப்புகிறது. அட்டவணையில் சுழியம் இருந்தால் எதையும் அனுப்பாது. விசை கீழே போகும், மேலே வரும், டக்கென்ற ஒலியும் கேட்கும்; கணினிக்கு மட்டும் செய்தி போகாது. ஜாக் ஹம்பர்ட் தொடங்கி இன்று பல நாட்டு ஆர்வலர்கள் வளர்த்துவரும் கியூஎம்கே என்ற திறமூல நிரலில் இந்தச் சுழியத்துக்குப் பெயர் கேசி நோ. நிரலை எழுதுபவர்கள் ஏழு எக்ஸ் எழுத்துகளை வரிசையாகப் போட்டு இதைக் குறிப்பார்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு வயா என்ற கருவி இருக்கிறது. அதை ஏற்கும் கீபோர்டை கேபிளில் இணைத்து, குரோம் உலாவியில் வயாவின் பக்கத்தைத் திறந்தால் விசைப்பலகையின் படம் வரும். வேண்டாத விசையைச் சொடுக்கி, கீழே உள்ள வெற்றுக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மாற்றம் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிந்துவிடும்.

பலர் தடுமாறுவது அந்த வெற்றுக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தலைகீழ் முக்கோணத்தில்தான். இரண்டுமே வெறுமையாகத் தெரிவதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. இந்தக் கீபோர்டுகளில் அட்டவணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, லேயர்களாக அடுக்கப்பட்டிருக்கும். வெற்றுக் கட்டம் மூடிய கதவு. முக்கோணமோ கண்ணாடி, அதன் வழியே கீழ் லேயரில் உள்ள எழுத்து வேலை செய்யும். மேல் லேயரில் முக்கோணத்தைப் போட்டுவிட்டு விசை ஓயவில்லையே என்று தேடுவது வீண்.

இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. ஒரு தட்டில் மேல் லேயருக்குத் தாவி, மறு தட்டில் திரும்பும் விசை ஒன்றை வைத்துக்கொண்டு, மேல் லேயரில் அதே இடத்தில் வெற்றுக் கட்டத்தைப் போட்டால் திரும்பி வர வழி இருக்காது. அங்கே இருக்க வேண்டியது முக்கோணம். மாட்டிக்கொண்டவர்கள் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் கீபோர்டு அடி லேயருக்கு வந்துவிடும். பிறகு வயாவில் திருத்திக்கொள்ளலாம்.

விண்டோஸிலேயே பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவியால் விசையை முடக்க முடியுமே என்று சிலர் கேட்கக்கூடும். முடியும். ஆனால் அது அந்தக் கணினிக்கு மட்டும்தான். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவருக்கு அது உதவாது. கீபோர்டுக்குள்ளேயே செய்த மாற்றம் எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும். விளையாட்டின் நடுவே விண்டோஸ் விசை பட்டு ஸ்டார்ட் மெனு எழும்பும் தொல்லைக்கும், எக்செல்லில் அம்பு விசைகளின் போக்கையே மாற்றும் ஸ்க்ரோல் லாக்குக்கும் இதே மருந்துதான்.

ஒரு முன்னெச்சரிக்கை: எந்த விசையையும் அடியோடு இழந்துவிட வேண்டாம். கேப்ஸ் லாக்கை அடி லேயரில் முடக்கினாலும் மேல் லேயரில் ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். முழுவதும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்லும் படிவம் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும்.

புது கீபோர்டு வாங்கப் போகிறவர்கள், விளக்கின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், வயா வேலை செய்யுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.