கண்ணாடித் தொட்டியும் கண்டி வாவியும்

கண்டி மாநகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்துள்ளது. கொழும்புக் கடற்கரையை அடைய 115 கிலோமீற்றர் தூரம் பயணம் செய்ய வேண்டும். அவ்வாறிருந்தும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை எனக் கண்டியைச் சூழவுள்ள பல ஊர்களில் வீட்டு முன்மண்டபத்திலே கடல்நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியொன்றை வைத்துப் பேணும் ஆர்வலர்கள் இருக்கின்றனர். கடலைக் கண்டிராத சிறுவர்களுக்குக் கோமாளி மீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் அத்தொட்டிக்குள்ளேதான் அறிமுகமாகின்றன. இது பயனுள்ள பொழுதுபோக்கு என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் இத்தொட்டிகளில் பல, ஓராண்டு நிறைவதற்கு முன்னரே வெறுமையாகி வீட்டின் பின்புறத்துக்குச் சென்றுவிடுகின்றன. இதற்கான காரணத்தை ஆராய்வது அவசியமாகும்.

நமக்கு அறிமுகமான குடும்பமொன்றின் அனுபவத்தை இங்கு குறிப்பிடலாம். முதல் மாதம் தொட்டி அழகாக இருந்தது. பிள்ளைகள் நாளுக்கு மூன்று தடவை மீன்களுக்கு இரை போட்டு மகிழ்ந்தனர். மூன்றாம் மாதத்தில் கற்களின் மீது கபில நிறப் பாசி படரத் தொடங்கியது. பின்னர் மீன்கள் இரை எடுக்க மறுத்தன. ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. நீரோ பளிங்கு போலத் தெளிந்திருந்தது. மீன் விற்ற கடையில் விசாரித்தபோது, நீரை மாற்றுமாறு மட்டுமே கூறினார்கள். வாரந்தோறும் மாற்றியும் பயன் கிட்டவில்லை. அக்குடும்பத்தினர் கண்ணுக்குத் தெரிந்த நீரை நம்பினார்கள். அந்நீரில் கரைந்திருந்த நைத்திரேற்றை அறியவில்லை.

மீனின் உடலில் இருந்து செவுள் வழியாக வெளியேறும் முதன்மையான கழிவு அமோனியாவாகும். உண்ணப்படாமல் அழுகும் இரையும் இறந்த உயிரினங்களும் கூட அமோனியாவையே தருகின்றன. இது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. கடல்நீர் காரத்தன்மை கொண்டதாகையால் நன்னீரிலும் பார்க்கக் கடல்நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை அதிகமாக வெளிப்படும். மணலிலும் கற்களிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொரு வகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். புதிய தொட்டியை வாங்கிய அன்றே மீன்களையும் வாங்கி விடுவோர் முதல் மாதத்திலேயே அவற்றை இழப்பதற்கு இதுவே காரணம்.

முதலிரண்டு பொருள்களுடன் ஒப்பிடும்போது நைத்திரேற்றின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆகவேதான் அது கவனிக்கப்படாமல் விடப்படுகின்றது. ஆனால் அமோனியா நைத்திரைற்றாகவும், நைத்திரைற்று நைத்திரேற்றாகவும் மாறுவது போல, நைத்திரேற்றை மேலும் மாற்றுவதற்குச் சாதாரண வடிகட்டியில் எவ்வித ஏற்பாடும் இல்லை. அது நாளாந்தம் சேர்ந்துகொண்டே போகின்றது. பவளப் பாறைகளைச் சூழ்ந்த தூய கடல்நீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் நைத்திரேற்றுக்கூட இருப்பதில்லை. கவனிப்பாரற்ற வீட்டுத் தொட்டியிலோ அது 100 மில்லிகிராமையும் தாண்டிவிடும். மீன்கள் மட்டும் வாழும் தொட்டியில் 40 மில்லிகிராமுக்கு உள்ளாகவும், பவள உயிரினங்களும் இருப்பின் 10 மில்லிகிராமுக்கு உள்ளாகவும் அதனை வைத்திருப்பது வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவாகும்.

நீரை மாற்றினால் போதாதா என்ற வினா எழலாம். இதற்குச் சிறு கணக்கொன்றே விடையளிக்கும். ஒரு தொட்டியில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருப்பதாகக் கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு நீரை அகற்றிப் புதிய நீரை விட்டால் அது 40 ஆகக் குறையும். ஆனால் அத்தொட்டியில் இடப்படும் இரையினால் வாரத்துக்கு 10 மில்லிகிராம் கூடுமாயின், அடுத்த வாரம் மீண்டும் 50 தான். ஆண்டு முழுவதும் வாரந்தவறாது நீர் மாற்றினாலும் இந்நிலை மாறாது. அதே வீட்டார் இரையைப் பாதியாகக் குறைத்து, வார அதிகரிப்பை 5 ஆக்கினால், அதே அளவு நீர் மாற்றத்துடன் ஏறத்தாழ மூன்று மாதங்களில் நைத்திரேற்று 20க்கும் 25க்கும் இடையில் வந்து நிற்கும். செலவு எதுவும் கூடவில்லை. கை சற்று அடங்கியது, அவ்வளவுதான். உள்ளே செல்வதைக் குறைக்காமல் வெளியே எடுப்பதை மட்டும் நம்பியிருப்பது வீண் முயற்சி என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

ஆகவே இரையில் இருந்தே தொடங்குதல் வேண்டும். ஓரிரு நிமிடங்களுக்குள் மீன்கள் உண்டு முடிக்கக்கூடிய அளவே போதுமானது. உறைநிலை இறாலை நீரில் அலசி வடித்த பின்னரே இட வேண்டும். 100 லீற்றர் தொட்டியில் இரண்டு மூன்று சிறு மீன்களுக்கு மேல் வளர்க்க முற்படுவது தகாது. வடிகட்டியின் பஞ்சில் தேங்கும் அழுக்கு நைத்திரேற்றின் உற்பத்திச்சாலை என்பதால் அதனை அடிக்கடி கழுவுதல் அவசியம். ஆனால் குளோரீன் கலந்த குழாய் நீரில் கழுவினால் நன்மை செய்யும் பற்றீரியாக்களும் மடியும். தொட்டியில் இருந்து அகற்றிய பழைய நீரில் அலசுவதே முறையாகும்.

வெளியேற்றும் வழிகளும் உள்ளன. துளைகள் நிறைந்த கற்களின் உட்புறத்தில், ஒட்சிசன் எட்டாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றிக் காற்றில் கலக்கச் செய்கின்றன. கடற்பாசியைத் தனிப் பகுதியொன்றில் ஒளியிட்டு வளர்த்தால் அது நைத்திரேற்றை உண்டு வளரும். வளர்ந்த பாசியை வெட்டி எடுத்து எறிந்தால் மாத்திரமே பயன் உண்டு. வெட்டாது விட்டால் அது அழுகி, உண்டதைத் திரும்பவும் நீருக்கே கொடுத்துவிடும். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி, அக்கழிவு அழுகி அமோனியாவாக மாறுவதற்கு முன்னரே அதனை அகற்றுகின்றது. இத்தேவைகளுக்காகக் கடலில் இருந்து பவளப் பாறைகளைப் பெயர்த்தெடுப்பது நமது நாட்டில் சட்டவிரோதமானது என்பதையும் மறந்துவிடலாகாது.

கண்டியில் வாழ்வோர் தனியாகக் கருத்திற் கொள்ள வேண்டிய சில விடயங்களும் உண்டு. இங்கு கடல்நீரை அள்ளி வருவது எளிதன்று. ஆகவே பெரும்பாலானோர் இதற்கெனத் தயாரிக்கப்பட்ட கடல் உப்புக் கலவையைக் குழாய் நீரில் கரைக்கின்றனர். லீற்றருக்கு 35 கிராம் வீதம், 20 லீற்றர் நீருக்கு 700 கிராம் உப்பு தேவை. சமையல் உப்பு இதற்கு உதவாது. குழாய் நீரை ஒரு நாள் காற்றூட்டி, குளோரீன் நீங்கிய பின்னர் உப்பைக் கலக்க வேண்டும். கிணற்று நீரைப் பாவிப்போர் முதலில் அக்கிணற்றின் நைத்திரேற்று அளவைச் சோதித்தல் நன்று. காய்கறித் தோட்டங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளில் உரத்தில் இருந்து கசிந்த நைத்திரேற்று இருக்கக்கூடும். 20 மில்லிகிராம் உள்ள நீரை ஊற்றி, நீர் மாற்றத்தால் தொட்டியை 10க்குக் கொண்டுவர இயலாது. நீர் ஆவியாகும்போது உப்பும் நைத்திரேற்றும் தொட்டியிலேயே தங்கி விடுவதால், குறைந்த அளவை நன்னீராலேயே நிரப்ப வேண்டும். உப்பு நீரால் அன்று.

சோதனைப் பெட்டி வாங்குவோர் அதன் அலகையும் கவனித்தல் வேண்டும். சில பெட்டிகள் நைத்திரேற்றின் முழு அளவைக் காட்டும். வேறு சில அதிலுள்ள நைதரசனின் அளவை மட்டும் காட்டும். பின்னையதை 4.4 ஆல் பெருக்கினாலே முன்னையது கிடைக்கும். 10 என்று கண்டு மகிழ்ந்தவர் உண்மையில் 44 உடன் வாழ்ந்துகொண்டிருக்கலாம். மின்வெட்டும் நமக்குப் புதிதன்று. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டபோது, நீரோட்டம் நின்ற வடிகட்டிகளில் ஒட்சிசன் இன்றிப் பற்றீரியாக்கள் மடிய, தொட்டிகள் ஓரிரவில் நஞ்சாகின. பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பியொன்றை வைத்திருப்பது சிறந்த முன்னேற்பாடாகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, இறந்தால் வேறொரு மீனை வாங்கலாமே என்று கருதுவோரும் உளர். கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை அல்ல, கடலில் பிடிக்கப்பட்டவை. பருவக்காற்றுக்கு ஏற்பக் கிழக்குக் கரைக்கும் தென்மேற்குக் கரைக்கும் மாறி மாறிச் சென்று, உயிரைப் பணயம் வைத்து ஆழ்கடலில் மூழ்கும் சுழியோடிகள் அவற்றைக் கொண்டு வருகின்றனர். நமது கவனயீனத்தால் இறக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொரு மீன் அந்தப் பவளப் பாறையில் இருந்து குறைகின்றது. அடைத்து வைத்த உயிருக்கு அடைத்தவரே பொறுப்பு என்பதைச் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் மறுக்கப் போவதில்லை.

இந்த நைத்திரேற்றுப் பிரச்சினை வீட்டோடு முடிந்து விடுவதன்று. கண்டி மக்கள் அனைவருக்கும் பொதுவான பெருந்தொட்டியொன்று நகரின் நடுவே உள்ளது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல் நிலத்தை மறித்து அமைத்த கண்டி வாவியே அது. பாற்கடல் என்று பொருள்படும் 'கிரி முகுத' என்ற பெயரும் அதற்கு உண்டு. 1999ஆம் ஆண்டில் அந்தப் பாற்கடல் பச்சை நிறம் கொண்டது. மைக்ரோசிஸ்டிஸ் எனப்படும் நீலப்பச்சைப் பாசி வாவியின் மேற்பரப்பெங்கும் பெருகியது. சில சந்தர்ப்பங்களில் நஞ்சைச் சுரக்கவல்ல இப்பாசி, நைதரசனும் பொசுபரசும் மிகுந்த தேங்கு நீரிலேயே செழிக்கும். சுற்றியுள்ள சரிவுகளில் இருந்து வடிந்த கழிவுநீரும் மண்ணும் அந்த ஊட்டத்தை ஆண்டாண்டாக வாவியில் சேர்த்து வந்தன. வீட்டுத் தொட்டியில் கல்லின் மீது படர்ந்த பாசிக்கும் வாவியில் மிதந்த பாசிக்கும் மூலகாரணம் ஒன்றே. உள்ளே வந்தது வெளியே செல்லவில்லை.

வாவியின் உபரி நீர் மெத எல வழியாக நகரின் கழிவுகளையும் ஏந்திக்கொண்டு மகாவலியை அடைகின்றது. கண்டிப் பிரதேச மக்களின் குடிநீருக்கு அந்த மகாவலியே ஆதாரம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனைத் தாண்டிய நீரில் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் விவசாயக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கண்டியில் ஜப்பானிய நிதியுதவியுடன் கன்னொறுவையில் அமைக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரவேற்கத்தக்கது. ஆயினும் அதனுடன் இணைக்கப்படாத வீடுகளினதும் கடைகளினதும் வடிகால்கள் ஓடையை நோக்கித் திறந்திருக்கும் வரை அதன் பயன் முழுமை பெறாது.

மீன் வளர்ப்போருக்கும் இதில் நேரடிக் கடமை ஒன்று உண்டு. தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த மீனை வாவியிலோ ஆற்றிலோ விடுவதைத் தவிர்க்க வேண்டும். வட அமெரிக்காவுக்குரிய அலிகேட்டர் கார் எனும் பெரிய வேட்டை மீன் கண்டி வாவியில் காணப்பட்டமை, யாரோ ஒருவர் தமது தொட்டியை வாவிக்குள் காலி செய்ததன் விளைவே. மாற்றிய உப்பு நீரையும் தோட்டத்தில் ஊற்றுதல் கூடாது, பயிர் கருகிவிடும்.

கோயிற் கேணியையும் பள்ளிவாசல் ஹவ்ளையும் பார்த்து வளர்ந்த நமது சமூகங்களுக்குத் தேங்கிய நீரைப் பேணுவது பற்றிப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. இறைத்து, தூர் அகற்றி, புது நீர் விட்டே நம் முன்னோர் அவற்றைக் காத்தனர். இன்று அத்துடன் அளந்து பார்க்கும் வசதியும் நமக்கு உண்டு. வீட்டில் தொட்டி வைத்திருப்போர் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பிள்ளைகளைக் கொண்டே நைத்திரேற்றை அளந்து கொப்பியொன்றில் எழுதச் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகளே நாளை கண்டி வாவியின் அளவு என்னவென்று மாநகர சபையிடம் கேட்பார்கள். அக்கேள்விக்குப் பதிலளிக்க மாநகர சபை இன்றே ஆயத்தமாதல் வேண்டும்.