எல்லை தாண்டிய புற்கள்

புல் என்றால் அற்பமானது என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் நெல், கோதுமை, கரும்பு, மூங்கில் யாவும் புல்லினத்தைச் சேர்ந்தவையே. அவ்வினத்தில் பிறந்த சில புற்கள் தாயகம் விட்டு அயல்நாடு புகுந்து, களையாகப் பெருகிய வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

விநாயகர் சதுர்த்தியன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் கட்டுக்கட்டாக விற்கும் அருகம்புல்லையே எடுத்துக்கொள்வோம். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அதன் தண்டு தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டியெறிந்த துண்டும் முளைக்கும். இப்புல் 18-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கா சேர்ந்துவிட்டது. 'பெர்முடா புல்' என்பது அங்கே அதன் பெயர். விளையாட்டுத் திடலில் விரும்பி வளர்க்கப்படும் அதுவே, பருத்தி வயலில் உழவருக்குத் தீராத தொல்லை.

புல்லுக்குக் கால் இல்லை. அதனைக் கடல் கடத்தியவர் மனிதரே. 1912-ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற்கு வந்த ஆரஞ்சுப் பெட்டிகளில், பொதிபொருளாக வைத்த 'கோகன்' புல்லும் வந்தது. இன்று அது தென்மாநிலக் காடுகளில் பெருங்களையாகப் பரவியுள்ளது.

கினியாப் புல்லின் தாயகம் ஆப்பிரிக்கா. கால்நடைத் தீவனமாக அது பல நாடுகளுக்குச் சென்றது. தமிழக உழவர்களும் அதனைப் பயிரிட்டு, அவ்வப்போது அறுத்து மாடுகளுக்கு இடுகின்றனர். ஆனால் ஹவாய்த் தீவுகளில், கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் அதுவும் பிற அயல்நாட்டுப் புற்களும் அறுப்பாரின்றி மண்டிக் காய்ந்தன. 2023 ஆகஸ்டில் பலத்த காற்றோடு எழுந்த தீ அப்புல்வெளியைப் பற்றி, லஹைனா நகரையே எரித்தது. சுமார் நூறு உயிர்கள் மாண்டன.

இங்கே தீவனமாகும் புல் அங்கே தீக்கு இரையானது ஏன்? தாயகத்தில் மேயும் விலங்குகளும் பூச்சிகளும் நோய்களும் ஒரு புல்லை அளவோடு வைக்கின்றன. அயல் மண்ணில் அக்கட்டுப்பாடு குறைவு. கவனிப்பாரற்ற நிலமும் கிடைத்தால் அது தடையின்றிப் பெருகுகிறது. ஆகவே எந்தப் புல்லும் பிறப்பால் களையன்று. சேர்ந்த இடமும் மனிதரின் அசட்டையுமே அதனைக் களையாக்குகின்றன.

மாணவியராகிய நாம் செய்யக்கூடியது என்ன? தியாகராய நகர் வீட்டு மாடித் தோட்டத்திற்கு அலங்காரப் புல் வாங்கும்போது அதன் பெயரையும் தாயகத்தையும் கேட்டறிவோம். களைகளைப் பூக்குமுன் பிடுங்குவோம். பிடுங்கியதை அடையாற்றின் கரையிலோ காலி மனையிலோ வீசாது, நன்கு உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்துவோம். சிறு புல்தானே என்று அலட்சியமாயிராது, நம் மண்ணைக் காப்போமாக!