குறைபோதைக் கஞ்சா சாகுபடி: உரிமம் கிடைக்கிறது, பாடம் எங்கே கிடைக்கும்?

புதுடெல்லி: நாருக்காகவும் விதைக்காகவும் போதைத் தன்மை குறைந்த கஞ்சாச் செடியைப் பயிரிட 2018-ஆம் ஆண்டில் உரிமம் வழங்கி, இதில் நாட்டின் முதல் மாநிலமானது உத்தராகண்ட். இமாச்சலப் பிரதேசச் சட்டப்பேரவை, கட்டுப்பாட்டுடன் கூடிய சாகுபடியைப் பரிந்துரைத்த குழுவின் அறிக்கையை 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அதைத் தொடர்ந்து, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் முன்னோடி ஆய்வு நடத்த அம்மாநில அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

சட்டத்தின் கதவு இவ்வாறு சற்றே திறந்திருக்கிறது. ஆனால், இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி இப்பயிரை வளர்க்க விரும்பும் விவசாயி அதை யாரிடம் கற்பது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் உள்ளதைப் போன்ற சாகுபடிக் கையேடு இதற்கு எளிதில் கிடைப்பதில்லை. தவறான பாடத்தைக் கற்றவர் இழப்பது விளைச்சலை மட்டுமல்ல. வழக்கையும் சந்திக்க நேரிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985-இன் 8-ஆவது பிரிவு, எந்தக் கஞ்சாச் செடியையும் அனுமதியின்றிப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 20-ஆவது பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ‘ஒன்றிரண்டு செடிகள்தானே, மாடித் தொட்டியில்தானே’ என்ற விலக்கு இதில் இல்லை. இயற்கை முறையில் வளர்த்ததும் சலுகை ஆகாது.

அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, சாகுபடியை அனுமதிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. நார், விதை ஆகிய தொழில்துறைப் பயன்பாடுகளுக்காகவும் தோட்டக்கலைக்காகவும் அனுமதி வழங்க 14-ஆவது பிரிவு இடமளிக்கிறது. உத்தராகண்ட் அரசின் உரிமம் அம்மாநிலத்துக்கு மட்டுமே உரியது. அதைக் காட்டி வேறெங்கும் விதைக்க முடியாது.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

இணையத்தில் தமிழில் தேடுவோருக்கு முதல் இடறல் சொல்லிலேயே காத்திருக்கிறது. ‘ஹெம்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பல மொழிபெயர்ப்புகள் ‘சணல்’ என்று தருகின்றன. சணல் என்பது கோணிப்பை செய்யப் பயன்படும் வேறொரு செடி. பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்பையின் ஆங்கிலப் பெயரிலும், புளிச்சை எனப்படும் நார்ப்பயிரின் ஆங்கிலப் பெயர்களில் ஒன்றிலும் ‘ஹெம்ப்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை எவையும் கஞ்சாச் செடியின் உறவினர் அல்ல. சணப்பைக்கான சாகுபடிக் குறிப்பைக் கஞ்சாவுக்கு உரியதாகப் படிப்பவர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார்.

இரண்டாவது குழப்பம் இதைவிட ஆபத்தானது. ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கும் ‘இயற்கை முறைக் கஞ்சாத் தோட்டம்’ வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் கனடாவிலும் உள்ள சட்டங்களை மனத்தில் வைத்து, போதைப் பூவுக்காக எழுதப்பட்டவை. நாருக்கான பயிர் அதற்கு நேர்மாறானது. செடிகளை நெருக்கமாக விதைத்தால்தான் கிளை விடாமல் நெடுந்தண்டாக ஓங்கி வளரும். நார் நீளமாகக் கிடைக்கும். பூவுக்கான வழிகாட்டியோ செடிக்குச் செடி இடம் விடச் சொல்லும். எழுதியவர் விதை விற்பவரா, பல்கலைக்கழகமா என்று பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. அமெரிக்காவின் கார்னெல், கென்டக்கி பல்கலைக்கழகங்கள் நார், விதைப் பயிருக்கான குறிப்புகளை வெளியிட்டுள்ளன. ஆனால், பகற்பொழுது குறையத் தொடங்கும்போது பூக்கும் செடி இது. வேறு அட்சரேகைக்கு எழுதப்பட்ட விதைப்பு நாட்காட்டி நமது மலைகளுக்கு அப்படியே பொருந்தாது.

0.3 சதவீதக் கோடு

போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உத்தராகண்டின் நிபந்தனை. செடியின் இயல்பைக் கொண்டு இயற்கை வகுத்த எல்லை அல்ல இது. கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால் 1976-இல் வகைப்பாட்டு வசதிக்காக வரைந்த கோடு, பின்னர் பல நாடுகளின் சட்டங்களில் புகுந்துவிட்டது.

இங்குதான் பாரம்பரிய அறிவும் சட்டமும் முட்டிக்கொள்கின்றன. குமாவுன், கர்வால் பகுதி மக்களுக்குக் கஞ்சாச் செடி புதிதன்று. அதன் விதையை வறுத்து அரைக்கும் சட்னி அங்கே அன்றாட உணவு. தண்டை நீரில் ஊறவைத்து நார் உரித்துக் கயிறு திரிப்பதையும், ‘பங்கேலா’ என்ற முரட்டுத் துணி நெய்வதையும் முதியவர்கள் அறிவார்கள். நார் உரிப்பதற்கு அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் இல்லை. எனினும் அவர்கள் தலைமுறைகளாகப் பேணிய உள்ளூர் விதையில் டிஎச்சி பெரும்பாலும் வரம்பைத் தாண்டிவிடும். சான்று பெற்ற குறைபோதை விதையை விதைத்தாலும் கவலை தீர்வதில்லை. ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியாக வளரும் இப்பயிரில் மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்கிறது. இமயமலைச் சரிவுகளில் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டுச் செடிகளின் மகரந்தம் வயலுக்கு வந்துசேரும். அவ்வாறு கலந்த விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு விதைத்தால் அடுத்த பயிரின் டிஎச்சி அளவு மாறிவிடக்கூடும். ‘சொந்த விதையைச் சேமி’ என்ற இயற்கை வேளாண்மையின் அடிப்படைப் பாடமே இங்கு விவசாயியைச் சிக்கலில் மாட்டிவிடலாம். இதை எடுத்துச் சொல்லாத எந்தப் பயிற்சியும் அரைகுறைப் பயிற்சிதான்.

மண்ணைப் படிப்பது

காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் தன்மை இச்செடிக்கு உண்டு. மாசடைந்த நிலத்தைத் தூய்மைப்படுத்தவே இதைப் பயன்படுத்தலாம் என ஆராயப்பட்டுள்ளது. உரமும் மருந்தும் தெளிக்காமல் வளர்த்தாலும், நிலம் கெட்டிருந்தால் விளைபொருளும் கெடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக அங்கீகரித்துள்ள நிலையில் இது சிறு விஷயமல்ல.

மத்திய அரசின் மண்வள அட்டை 12 கூறுகளைச் சோதிக்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகள், அமிலத்தன்மை, துத்தநாகம் எல்லாம் அதில் உண்டு; காட்மியமும் ஈயமும் இல்லை. அந்தச் சோதனையை விவசாயி தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

யாரை அணுகலாம்?

தொழுவுரம், மண்புழு உரம், ஜீவாமிர்தம், பயிர்ச் சுழற்சி போன்ற பொதுப் பாடங்களுக்கு மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களே முதல் படி. இவற்றுள் முதலாவது, 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. 2024 நவம்பரில் ரூ.2,481 கோடி ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்திலும் பயிற்சி ஒரு முக்கிய அங்கம். கஞ்சாச் செடிக்கென்று இந்நிலையங்களில் தனி வகுப்பை எதிர்பார்க்க முடியாது. அதற்கு ஆய்வுப் பொறுப்பேற்றுள்ள பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்களையும், ஜம்முவில் கஞ்சா ஆய்வு நடத்திவரும் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தையுமே நோக்க வேண்டும். ஜம்மு ஆய்வின் இலக்கு மருந்து. நாரும் விதையும் வேண்டுவோருக்கு அதன் முடிவுகள் ஓரளவே பயன்படும்.

வரலாற்றில் ஆர்வமுள்ளோர் இந்தியக் கஞ்சா ஆணையத்தின் 1894-ஆம் ஆண்டு அறிக்கையைப் புரட்டலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,200 பேரின் சாட்சியங்களைக் கொண்ட அப்பெருந்தொகுப்பு, அக்காலச் சாகுபடி முறைகளை மாகாணவாரியாக விவரிக்கிறது. அதில் பேசப்படுவது பெரிதும் போதைக்கான பயிர் என்பதால் இன்றைய உரிமதாரருக்கு அது வழிகாட்டி ஆகாது.

சான்றிதழ் தனிக் கதை. விவசாயிகள் ஒருவரையொருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் முறையில் சேர உள்ளூரில் குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும். ஏற்றுமதிக்கான தேசியத் திட்டத்தில், ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள் நிலம் மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். அதற்கான பதிவேட்டை எழுதத் தொடங்கும்போதே விதை வாங்கிய ரசீது, டிஎச்சி சோதனை முடிவு, உரிம நகல் ஆகியவற்றையும் அதே கோப்பில் சேர்த்து வைப்பது நல்லது. இயற்கை விளைபொருள் ஆய்வாளர் அவற்றைக் கேட்காமல் போகலாம். கலால் துறை அதிகாரி கேட்பார்.