உஷார்! ஒரு ஆள் ரூமில் ஸ்டேக்கும் எறாவும்

படப்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் ரூம் எடுத்துத் தனியாக இருக்கும் தம்பி, தங்கைகளே, இந்த அவசரச் சேதி உங்களுக்குத்தான். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து, சம்பளம் வந்த சனிக்கிழமை மெஸ் சாப்பாட்டுக்கு லீவு விட்டுவிட்டு, வீடியோ பார்த்து ஒரு துண்டு ஸ்டேக், பக்கத்தில் நாலு எறா, ஒரு மீன் துண்டு என்று காரசாரமாகப் பொரிக்க ஆசைப்படுகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள். பண்டம் கெட்டிருந்தால் காட்டிக்கொடுப்பது மூக்கும் நாக்கும்தான். அந்த இரண்டையும் மிளகாய்த்தூள் அடைத்துவிடுகிறது. "என்னடா, ஒரு மாதிரி இருக்கே" என்று சொல்ல எதிரில் ஆளும் கிடையாது.

முதலில் மீன். காசிமேட்டிலிருந்து படப்பைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எத்தனை கை மாறுகிறது, எந்த இடத்தில் ஐஸ் உருகியது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தட்டுப்பாட்டில் வெளியூர்ச் சரக்கும் ஐஸில் கிடந்த சரக்கும் கலந்து வரும். கத்திரி வெயிலும் அந்த நாளில்தான்.

வஞ்சரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் வெயிலில் கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தாலே அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரத் தொடங்கும். பயப்பட வேண்டிய இடம் இது: சேர்ந்துவிட்ட ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது, கருகப் பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகு கடித்தது போல் சுருக்கென்று ஒரு காரம் தெரியும். கிடைக்கிற எச்சரிக்கை அவ்வளவுதான். நீங்களோ ஏற்கெனவே இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூளும் மிளகும் தடவி வைத்திருக்கிறீர்கள். அந்தச் சுருக்கை மசாலாவின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சப்புக்கொட்டுவீர்கள். சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். அதனால் மீனை மசாலா தடவுவதற்கு முன்பே முகர்ந்து பாருங்கள். வாங்கும்போதே ஐஸோடு கட்டித் தரச் சொல்லுங்கள். மாலை வெயிலில் வண்டி ஹேண்டிலில் பையை மாட்டிக்கொண்டு முடிச்சூர் நெரிசலில் நிற்கிற நேரமும் கணக்கில் சேரும்.

பண்டம் கெட்டதை மறைக்க மிளகாய்த்தூள் மட்டும்தான் உண்டு என்றும் இல்லை. 2018இல் தமிழக-கேரள எல்லையில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் கேரள அதிகாரிகள் ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனையும் எறாவையும் ஆயிரக்கணக்கான கிலோ பிடித்தார்கள். அதே ஆண்டு சென்னைச் சந்தை மீன்களிலும் ஃபார்மலின் இருப்பதாகப் பரபரப்பு எழுந்தது. அதைக் கண்டுபிடிக்க, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் காகிதப் பட்டை ஒன்றையே உருவாக்கியிருக்கிறது. மூக்கை நம்பினால் போதாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்து கறி. வெளிநாட்டு வீடியோவில் உள்ளே ரோஸ் நிறத்தில் வெட்டிக் காட்டும் ஸ்டேக்கை நம்மூர்க் கறியில் செய்யவே செய்யாதீர்கள். 1958ஆம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பெரும்பாலும் 10 வயதைத் தாண்டி வேலைக்கு உதவாத மாடுதான் வெட்டுக்குப் போகும். காலையில் வெட்டியதைக் குளிரில் வைக்காமல் திறந்த கடையில் தொங்கவிட்டு விற்பார்கள். அண்டர்கட் என்று கேட்டு வாங்கினாலும் கதை இதுவே. கறி முரடு என்பதால் மசாலா இறங்கட்டும் என்று முள்கரண்டியால் குத்துகிறோம். மேலே ஒட்டியிருக்கும் ஈ-கோலை போன்ற கிருமி குத்தின வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். குத்தாத முழுத் துண்டு என்றால் நடுவில் 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் ஆறினால் போதும். குத்திய கறியைக் கொத்துக்கறி மாதிரியே நினைத்து 71 டிகிரி வரை வேகவிடுவது நல்லது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்டேக்குக்கு அந்தச் செலவு செய்யலாம், சாஸ் பாட்டிலுக்கு அல்ல.

இங்கேயும் காரம் ஏமாற்றும். சூடான கல்லில் மிளகாய்த்தூள் ஒரு நிமிடத்தில் கருத்துவிடும். மேலே கருப்பு, உள்ளே பச்சை. உப்பு மட்டும் போட்டு முதலில் வேகவைத்துவிட்டு, மசாலாவைக் கடைசியில் புரட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடியில் மூச்சு முட்டும். ரூமில் கத்தி ஒன்று, கட்டை ஒன்றுதானே? வெங்காயத்தை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எறாவையும் கறியையும் தொடுங்கள். மாற்றிச் செய்தால் பச்சை வெங்காயத்தோடு கிருமியும் வாய்க்குப் போகும்.

ஒரு ஆளுக்குச் சமைப்பதில் இருக்கிற பெரிய வில்லங்கம் மிச்சம். அரைக் கிலோ வாங்கிவிட்டுக் கால் கிலோவைத் தின்றுவிட்டு, "காலையில சுட வெச்சா சரியாயிடும்" என்று அடுப்பு மேலேயே மூடி வைக்கிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சமைத்த உணவுக்கு வெளியில் இரண்டு மணி நேரம்தான் கெடு. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். மே மாதத்து ஒற்றை ரூமில் அதைத் தாண்டாத இரவு எது? பச்சையாக இருக்கும்போதே பங்கு பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ராத்திரி கரண்ட் போய் உருகி வழிந்திருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள், ஊருக்கே தெரிந்தது. தனி ரூமில் ஒருவர் விழுந்தால் சூப்பர்வைசர் ஆப்சென்ட் போடுவதோடு சரி.

தனி ரூமில் எறா அலர்ஜியும் வரலாம். இருபது வருஷம் தின்று பழகியவருக்கும் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உதடு தடித்து, உடம்பெல்லாம் தடிப்பு வந்து, தொண்டை இறுகினால் அது ஹிஸ்டமினா அலர்ஜியா என்று ஆராய்ச்சி வேண்டாம். உடனே 108. மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, யாரும் நினைக்காத ஆபத்து: கறி தொண்டையில் அடைப்பது. சாப்பிடும்போது ஹோட்டலில் பொத்தென்று விழுந்து செத்தவர்களை முதலில் மாரடைப்பு என்றே நினைத்தார்கள். தொண்டையில் சிக்கிய கறித்துண்டுதான் காரணம் என்று 1963இல் ஹாகன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதினார். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை அழுத்தும் முறையை 1974இல் ஹைம்லிக் சொன்னார். அவரே 2016இல், தம் 96ஆவது வயதில், முதியோர் இல்லத்தில் பக்கத்து நாற்காலிப் பாட்டியின் தொண்டையில் சிக்கிய ஹாம்பர்கரை அப்படி வெளியே தள்ளினார். உங்கள் ரூமில் பக்கத்து நாற்காலியே இல்லை. நம்மூர் முரட்டுக் கறியை நார் குறுக்காக, சின்னதாக வெட்டுங்கள்; சரக்கு அடித்துக்கொண்டோ போனில் சிரித்துக்கொண்டோ விழுங்காதீர்கள். அடைத்துவிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டாம். தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளே மேல்நோக்கிக் குத்துங்கள், அல்லது நாற்காலி முதுகில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து விழுங்கள். அந்த நேரத்தில் குரல் வராது, போனில் பேச முடியாது. ஆகவே சாப்பிட உட்காரும் முன் உள்தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, பக்கத்து ரூம்காரரிடம் "அண்ணே, சமைச்சிருக்கேன், பத்து மணிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்க" என்று சொல்லி வையுங்கள்.